வில்லை மாற்றலாம், அடிச்சட்டத்தை வெட்டலாகாது

நம் புனைகதைகளில் ஒரு வில்வண்டி வந்து வாசலில் நின்றால், இறங்குகிறவர் யாரென்று ஆசிரியர் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மிராசுதாரோ, ஜமீன் காரியஸ்தரோ, பெரிய வீட்டு மருமகளோ இறங்குவார். கட்டைவண்டியில் அச்சுக்கும் மேற்கூட்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது; பாதையின் மேடுபள்ளம் முழுவதும் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கு நேரே போய்ச் சேரும். இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில்லை நடுவில் வைத்ததும் அது வேறு வண்டியாயிற்று. அதன் விலையும் அந்தஸ்தும் வேறாயின. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். வரலாறு அதை ஒரு போராட்டமாகவே பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே வில்லைப் பற்றிய பேச்சு இலக்கிய வாசகருக்குப் புறம்பானது என்று யாரும் நம்மிடம் சண்டைக்கு வரமாட்டார்கள் என நம்புகிறோம்.

இந்தப் பீடிகைக்குக் காரணம் உண்டு. சேலையூரில், அகரம்தென் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில், நண்பர் ஒருவர் 1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஓடும் நிலையில் வைத்திருக்கிறார். அதன் நான்கு சக்கரங்களுக்கும் ‘காயில் ஓவர்’ சஸ்பென்ஷன் பொருத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. பின்பக்கத்து அடிச்சட்டத்தைக் கொஞ்சம் வெட்டி, புதிய தாங்கிகளை வெல்டிங் செய்துவிட்டால் காரியம் முடிந்தது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். சில வாரங்களாக நம் மாலைப் பேச்சு முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது. நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முன்பக்கம் பொருத்தலாம், பின்பக்கம் வேண்டாம். காரணங்களில் ஒரு பாதி பௌதிகம், மறுபாதி பண்பாடு. இரண்டையும் வரிசையாகப் பார்க்கலாம்.

ஹெரால்டு நம் பகுதியின் கார் என்பதை இன்றைய தாம்பரத்துவாசிகளில் எத்தனை பேர் அறிவார்கள்? தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் இங்கே தயாரித்தார்கள். 1971 வரை அது வந்துகொண்டிருந்தது. நான்கு கதவுகள் வைத்த ஹெரால்டு இங்கிலாந்தில்கூடக் கிடையாது. அது நம் ஊர்ப் படைப்பு. பிறகு 1972இல் கெஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அந்தக் கடைசிக் கார் விற்காமல் போகவே, 1988ஓடு கார் உற்பத்தி நின்றது. ஆலை போய்விட்டது. அதன் வார்ப்புகளையும் அளவுகளையும் கையால் அறிந்திருந்த தொழிலாளர்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள். ஓடும் ஹெரால்டுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. கூடுவதற்கு இனி வழியே இல்லை. ஒன்றை வெட்டுவது என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே யோசிக்க வேண்டும்.

‘ஹெரால்டு குடும்பக் கார் ஆயிற்றே, அதற்கு எதற்குப் பந்தயக் காரின் உபகரணம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. 1962இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் அமைப்பை அடியொற்றிச் செய்த இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. முன்சக்கர அமைப்பு அடிப்படையில் ஒன்றே. லோட்டஸ் செவன் என்ற புகழ்பெற்ற இலகுரகக் காரும் முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை இந்த ட்ரையம்ஃப் குடும்பத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது. எனவே ஸ்பிட்ஃபயருக்கு உலகெங்கும் விற்கும் முன்பக்கக் காயில் ஓவர் வகைகளைப் பற்றி ஹெரால்டுக்காரர் யோசிப்பது அசட்டு ஆசை அல்ல. அடித்தளத்தில் அது அதே கார்.

இனி, காயில் ஓவர் என்பது என்ன? சுருள்வில் காரின் எடையைச் சுமக்கிறது. ஷாக் அப்சார்பர் அந்த வில்லின் ஆட்டத்தை அடக்குகிறது. பல கார்களில் இவை தனித்தனி இடத்தில் இருக்கும். ஷாக் அப்சார்பரை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சுருள்வில்லை மாட்டி, இரண்டையும் ஒரே உருப்படியாக ஆக்கினால் அது காயில் ஓவர். இன்று கடைகளில் இப்பெயரில் விற்பதில் ஓர் அம்சம் கூடுதல்: ஷாக்கின் உடலில் மரை வெட்டியிருக்கும், அதில் ஒரு வளையம் ஏறி இறங்கும், வில்லின் கீழ்முனை அந்த வளையத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். வளையத்தைத் திருகினால் கார் உயரும் அல்லது தாழும்.

இங்கேதான் நம் நண்பர்கள் பலர் கவனிக்காத செய்தி இருக்கிறது. ஹெரால்டின் முன்பக்கம் 1961இல் வண்டலூரிலிருந்து வெளிவந்தபோதே காயில் ஓவர்தான். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம்கள். நடுவே ஷாக்கைச் சுற்றிய சுருள்வில். அந்த மரையும் வளையமும் மட்டும்தான் இல்லை. அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாட்டில், நம் பக்கத்து ஊர்த் தொழிலாளி இந்த உருப்படியைத்தான் காருக்குக் கார் பூட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் புதுமை என்று பெட்டியில் வைத்து நமக்கு விற்கப்படும் ஒன்றின் அடிப்படைக் கருத்து தாம்பரத்துக்கு அறுபது ஆண்டுப் பழக்கம்.

ஆகவே முன்பக்கம் மரைவைத்த காயில் ஓவரைப் பொருத்துவது என்பது, காரின் இயல்புக்குள் நின்று செய்யும் மாற்றம். வில்லிருந்த இடத்தில்தான் வில் வருகிறது. எடையைச் சுமக்கவென்று செய்த தாங்கிதான் மீண்டும் எடையைச் சுமக்கிறது. எதையும் வெட்ட வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் கழற்றிப் பழையதை மறுபடி மாட்டிவிடலாம்.

பின்பக்கம் கதையே வேறு. அங்கே குறுக்குவாட்டில் கிடக்கும் ஒரே பட்டைவில் இரு சக்கரங்களையும் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் தனியாக ஓரத்தில் நிற்கிறது. அந்த ஷாக்கை மாட்டுகிற தாங்கி, ஷாக்கின் இழுவையையும் தள்ளலையும் ஏற்பதற்காக மட்டுமே செய்யப்பட்டது. காரின் பின்பாதி எடையைச் சுமக்க அல்ல. அங்கே காயில் ஓவரை மாட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தச் சிறு தாங்கி முழு எடையின் அடியையும் வாங்கும். இரும்பு உடனே முறியாது. முதலில் மயிரிழை விரிசல் விடும். பிறகு ஒருநாள் வளைவில் விட்டுப்போகும். இதற்காகத்தான் ‘வெட்டி வெல்டிங்’ என்ற யோசனை வருகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதுவானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: வில் இருந்த இடத்தில் வில் வருகிறதா, ஷாக் மட்டும் இருந்த இடத்தில் வில் வருகிறதா? பின்னது என்றால், திறமையான பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டும்வரை கையை வைக்கலாகாது.

பின்பக்கத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹெரால்டின் பின் அச்சு, நடுவிலுள்ள டிஃபரன்ஷியலை ஒட்டிய மூட்டில் பறவையின் சிறகுபோல மேலும் கீழும் அசைவது. ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பாகம் மேலெழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். டயரின் பிடி திடீரென விட்டுப்போய்க் கார் சுழலும். அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ நூலின் முதல் இலக்கான செவ்ரோலே கார்வேர் காரிலும் இதே வகை அச்சுதான் இருந்தது. ட்ரையம்ஃப்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1970இல் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில் பின் பட்டைவில்லை நடுவில் ஊஞ்சல்போல் ஆடவிட்டார்கள். கார் சாயும்போது பின்பக்கம் காட்டும் எதிர்ப்பு அதனால் குறைந்தது. அந்தப் பொறுப்பை முன்பக்கம் ஏற்றது. நம் ஊரில் 1972இன் கெஸல் காரில் ஸ்விங் ஆக்ஸிலையே கைவிட்டு, ஒரே தண்டான பின் அச்சை வைத்தார்கள். வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழையது பிடிக்கவில்லை.

இந்த வரலாறு சொல்லும் பாடம் தெளிவு. இந்தக் காரில் முன்பக்கத்தை அளவோடு இறுக்குவது பாதுகாப்பான திசை. பின்பக்கத்தை இறுக்குவது ஆபத்தான திசை. பட்டைவில்லோடு கூடுதலாகக் காயில் ஓவரையும் மாட்டுகிறவர் ட்ரையம்ஃப் நிறுவனம் பல ஆண்டு பாடுபட்டுக் குறைத்ததைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார். பின்பக்கத்துக்குத் தேவையானவை மூன்றே: தொய்ந்த பட்டைவில்லைச் செப்பனிடுவது, நல்ல புதிய ஷாக், சரியான உயரம். பின்பக்கம் அளவுக்கு மேல் தூக்கி நின்றால் சக்கரங்களின் கால்கள் உள்ளே வாங்கி நிற்கும். மேலே சொன்ன மடக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது தேர்வுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் காட்டுவது நிறத்தையும் பெயரையும். கேட்க வேண்டியது வில்லின் விறைப்பு. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ. முன்பக்கம் பாதி என்று வைத்தால் ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ. அதில் சக்கரம், பிரேக் முதலிய, வில்லுக்குக் கீழே உள்ளவற்றைக் கழித்தால் 170 கிலோ. இந்த எடை வில்லின்மேல் விநாடிக்கு எத்தனை முறை இயல்பாக ஆடும் என்பதுதான் பயணத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. சாதாரணக் கார்கள் விநாடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடும்படி அமைந்தவை. மனிதன் நடக்கிற தாளத்துக்கு நெருக்கமானது அது, உடம்புக்குப் பழகியது. பந்தயத்துக்கென்று செய்தவை 2, 2.5 என்று போகும்.

1.5 வேண்டுமென்றால் சக்கரத்தினிடத்தில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 15 நியூட்டன் விறைப்பு போதும். ஆனால் வில் சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்திருக்கவில்லை. ஆர்மின் நடுப்பகுதியில் சாய்ந்து நிற்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது வில் 6 மில்லிமீட்டர்தான் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 15ஐ 0.6இன் வர்க்கமான 0.36ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 42 நியூட்டன். விற்பனைப் பெட்டியில் எழுதியிருக்கும் மொழியில் அங்குலத்துக்கு 240 பவுண்டு. அதே இடத்தில் 400 பவுண்டு வில்லை மாட்டினால் ஆட்டம் விநாடிக்கு 1.9 முறையாகிவிடும். இவை மாதிரி எண்கள். தம் காரின் எடையையும் ஆர்மின் நீளங்களையும் அளந்து, ஒவ்வொருவரும் தமக்கான எண்ணைக் கண்டுகொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் படித்த ஹூக் விதிக்கு மேல் இதில் எதுவுமில்லை.

1.5 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்த வில்லின்மேல் கார் தன் எடையால் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் அமர்ந்திருக்கும். 2.5 என்றால் அமர்வு 4 சென்டிமீட்டர்தான். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இருக்கும் இடம் அவ்வளவே. அதைவிட ஆழமான பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் டயர் திரும்பவும் செய்யாது, பிரேக்கும் பிடிக்காது. கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து மப்பேடு பக்கம் மழைக்காலத்தில் போய்வந்தவர்களுக்கு 4 சென்டிமீட்டர் எவ்வளவு சொற்பம் என்று விளக்க வேண்டியதில்லை. கரடான சாலையில் மெத்தென்ற வில்தான் வேகமான வில். விறைப்பே வீரம் என்ற நம்பிக்கை வழவழப்பான பந்தயத் தளங்களுக்குப் பொருந்தலாம். இருங்காட்டுக்கோட்டைக்கு ஞாயிறுதோறும் போகிறவர்களுக்கு அந்தக் கவலை தனி. நம் நண்பர் போவது வேளச்சேரிக்கு.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலின்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தாழ்ந்த கார்கூட மெல்ல ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் இரவோடிரவாக முளைப்பவை அகலம் குறைந்த சுவர்கள். அவற்றின்மேல் அடிச்சட்டம் உரசாமல் ஏற வேண்டுமென்றால், தொழிற்சாலை வைத்த உயரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறக்காமலிருப்பது நல்லது. மேலும் இறக்கினால் சக்கரம் மேலேறும் இடம் குறையும். ரப்பர் தடுப்பில் அடிக்கடி போய் முட்டும். முட்டிய கணத்தில் வில்லே இல்லாத கட்டைவண்டியாகிவிடும் கார்.

மரை வளையத்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை பரவலாக இருக்கிறது. வளையத்தை மேலே திருகினால் வில் விறைப்பாகும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்கிறார்கள். வழக்கமான நேர்விறைப்பு வில்லில் அது நடப்பதில்லை. வில்லைச் சுமக்கவைப்பது காரின் எடை, எடை மாறவில்லை, ஆகவே வில் சுருங்கும் அளவும் மாறவில்லை. கார் மட்டும் மேலே எழும்புகிறது. விறைப்பை மாற்ற வேண்டுமானால் வில்லைத்தான் மாற்ற வேண்டும். ஷாக்கில் உள்ள திருகு வேறு. அது வில்லின் ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் அடக்குவது என்பதை மாற்றும். சாலைக் காருக்கு விரிவின்போதான எதிர்ப்பை மட்டும் மாற்றக்கூடிய ஒற்றைத் திருகு போதும். நான்கு திருகுள்ளதை வாங்குகிறவர் நான்கு விதமாகக் குழம்பப் பணம் கட்டுகிறார்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. ஹெரால்டின் முன்சக்கரத் தூண் கீழே ஒரு பித்தளை மரையில் திரும்புகிறது. ட்ரன்னியன் என்பது அதன் பெயர். அதற்குக் கியர் எண்ணெய் விட வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொன்ன விதி. கிரீஸ் அடித்துவிட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கெட்டியான கிரீஸ் உள்ளே போய்ச் சேராது, ஈரம் புகும், துருப்பிடித்த தூண் ஒருநாள் முறிந்து சக்கரம் படுத்துவிடும். அந்த ட்ரன்னியனும், ஆர்ம்களின் ரப்பர் புஷ்களும், டயர்களும் பழுதாக இருக்கையில் காயில் ஓவருக்குச் செலவழிப்பது, கூரை ஒழுகும் வீட்டில் சரவிளக்கு மாட்டுவதைப் போன்றது. இவற்றைப் புதுப்பித்ததும் கார் அடையும் மாற்றத்தைப் பார்த்துவிட்டு, காயில் ஓவர் ஆசையையே கைவிட்டவர்களும் உண்டு.

பொருத்துகிற வேலைக்கு ஹெரால்டு வசதியான கார். முன்பக்கத்துப் பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். சஸ்பென்ஷன் முழுவதும் கண்ணுக்கு முன் நிற்கும். சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளந்து முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, அடிச்சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகலாகாது. கீழே ஆர்மோடு சேர்க்கும் போல்ட்டையும் மேலே மூன்று நட்டுகளையும் கழற்றினால் உருப்படி வெளியே வரும். பழைய உருப்படியில் வில் இறுகச் சுருக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரிக்க முறையான ஸ்ப்ரிங் கம்ப்ரசர் வேண்டும். கயிறும் கம்பியும் கட்டிச் சமாளிக்கும் இடம் அதுவல்ல. விடுபட்ட வில் எலும்பை முறிக்கும்.

புதியதை மாட்டும்போது ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளைக் கார் ஸ்டாண்டின்மேல் தொங்கும்போது இறுக்கக்கூடாது. கையளவில் மட்டும் முடுக்கிவிட்டு, காரைத் தரையில் இறக்கி, எடை அமர்ந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லையேல் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சில மாதங்களில் கிழியும். சக்கரத்தை முழுக்க இருபுறமும் திருப்பி, பிரேக் குழாய் எதிலும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும். சில பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வில் அமர்ந்ததும் மறுபடி அளந்து, வளையங்களைச் சரிசெய்து, பூட்டுவளையத்தை இறுக்கி, வீல் அலைன்மென்ட் பார்த்து, முகப்பு விளக்கின் கோணத்தையும் திருத்த வேண்டும். நான்கு கால் கட்டிலின் ஒரு காலின் கீழ் அட்டையைச் செருகினால் எதிர்மூலைக் காலுக்கும் சுமை ஏறுவதுபோல, ஒரு வளையத்தைத் திருகினால் குறுக்கு மூலையும் கனக்கும். ஓட்டுநர் எடைக்குச் சமமான மூட்டை இருக்கையில் இருக்கும்போது இதைச் செய்வது முறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மரையைக் கழுவி எண்ணெய்ப் பூச்சு கொடுக்காவிட்டால், அடுத்த கோடையில் வளையம் அசையாது. திருகத்தக்கது என்று வாங்கியது நிரந்தரமாகிவிடும்.

இனி எதிர்வாதங்கள். ‘என் கார், என் பணம், வெட்டினால் யாருக்கென்ன?’ என்பது ஒன்று. சட்டத்துக்கு அதில் அக்கறை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. எனவே முன்பக்க மாற்றத்தைக்கூட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வதே அறிவு. மறுபுறம், 2021 ஜூலையில் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ‘விண்டேஜ்’ என்ற தகுதியைத் தந்திருக்கின்றன. ஹெரால்டுகள் எல்லாமே இன்று அந்த வயதைத் தாண்டியவை. ஆனால் அத்தகுதிக்கு நிபந்தனை, அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது என்பது. பின்பக்கத்தை வெட்டுகிறவர் அந்தத் தகுதியைத் தம் கையாலேயே பணயம் வைக்கிறார்.

மறுமுனையில் நிற்பவர்கள் வைதீகர்கள். ஒரு திருகாணியையும் மாற்றலாகாது, காரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது இவர்கள் கட்சி. இவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. ஆலை மூடிப் பல பத்தாண்டுகளான பிறகு அசல் பாகம் என்று கேட்டால் எங்கிருந்து வரும்? அன்றைய 5.20 அங்குல டயர் போய் ரேடியல் வந்துவிட்டது; தேய்ந்துபோன அசல் ஷாக்கோடு ஓடும் கார் அசலும் அல்ல, பத்திரமும் அல்ல. ஓடாத காரைப் பழுதுபார்க்க ஒருவரும் கற்றுக்கொள்ள மாட்டார். கைத்தொழில் அறிவு ஓட்டத்தில்தான் உயிர்வாழ்கிறது.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே நம் பதிப்பு மரபு ஒரு வழி காட்டுகிறது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரும் அவர் வழிவந்தவர்களும் சிதைந்த ஏடுகளோடு மல்லாடினார்கள். பொருந்தாத பாடத்தை விட்டுப் பொருந்துவதை ஏற்றார்கள். ஆனால் பிரதிபேதத்தை அடிக்குறிப்பில் காட்டினார்கள். ஏட்டைக் கிழித்து எறியவில்லை. பின்னால் வருகிறவர் தம் முடிவை ஏற்காவிட்டால் அவருக்கும் மூலம் வேண்டும் என்ற மரியாதை அது. பழைய காரைத் தொடுகிறவரிடமும் இதைத்தான் எதிர்பார்க்கிறோம். மாற்றலாம், ஆனால் திரும்பப் பெறக்கூடிய மாற்றமாக இருக்க வேண்டும், என்ன மாற்றினோம் என்று எழுதிவைக்கவும் வேண்டும்.

ஆகவே சேலையூர் நண்பருக்கு நம் யோசனை இது. முதலில் ட்ரன்னியன், புஷ், டயர். பிறகு பின்பக்கத்துக்குப் புதிய ஷாக்கும் செப்பனிட்ட பட்டைவில்லும். அதன் பின்னும் ஆசை இருந்தால், அனுமதி கேட்டு, முன்பக்கத்துக்கு மெத்தென்ற வில்லுள்ள காயில் ஓவர். கழற்றிய அசல் வில் இரண்டையும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியும், பழைய அளவும், புதிய அளவும், வில்லின் எண்ணும் எழுதி, வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தக் காரை ஒருவர் வாங்குவார். அவர் யாரென்று தெரியாது; அந்த நோட்டைத்தான் முதலில் திறப்பார்.